கன்னத்தில் அறை, காதில் ஓட்டை!

"ஒரே ஒரு அறைதான் கொடுத்தேன்."

அடித்தவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். அப்பா சொல்வார். அண்ணன் சொல்வான். வாத்தியார் சொல்வார். மனைவியை அடித்த கணவனும் இதையேதான் சொல்வான்.

ஒரே அறைதான். அந்த ஒரே அறையில் காதுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்!

அதற்குக் கம்பு வேண்டாம். கல் வேண்டாம். வெறும் கை போதும்.

கை காதின்மேல் பட்டென்று விழுகிறது. உள்ளங்கை காதுத் துவாரத்தை மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியே வர வழி இல்லை. அது உள்பக்கமாகப் பாய்கிறது. காதுக் குழாயின் நீளம் சுமார் 2½ சென்டிமீட்டர்தான். அதன் முடிவில் சவ்வு. காற்று போய் சவ்வில் மோதுகிறது. சவ்வு கிழிகிறது.

இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு இடது காதுதான் கிழிந்திருக்கும். ஏன் தெரியுமா? அடிக்கிறவர்களில் அநேகம் பேர் வலது கைக்காரர்கள். வலது கையை ஓங்கினால், எதிரே நிற்பவரின் இடது காதில்தான் விழும். காதைப் பார்த்ததுமே டாக்டருக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும்.

வண்டு கத்துது!

அதிராம்பட்டினத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

பையனுக்கு வயது பத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்தான். பையைத் தூக்கிப் போட்டான். பந்து விளையாட ஓடிவிட்டான். அந்த ஊரில் கால்பந்து என்றால் பிள்ளைகளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தான். வாப்பாவுக்கு ஏற்கனவே வேறு ஏதோ கோபம். கையை நீட்டிவிட்டார்.

பையன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உம்மா, காதுக்குள்ளே வண்டு கத்துது" என்கிறான். காதில் இருந்து ஒரு சொட்டு ரத்தம் வருகிறது.

இனிமேல் அந்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அடியைவிட அதுதான் முக்கியம்.

"நல்லெண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு" என்கிறார், வீட்டில் பெரியவர். "பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினால் இன்னும் நல்லது" என்கிறார், பக்கத்து வீட்டு அம்மாள். வெங்காயச் சாறு என்கிறார் ஒருவர். தாய்ப்பால் என்கிறார் இன்னொருவர். மருந்துக்கடையில் கேட்டால் ஏதாவது சொட்டு மருந்து தருவார்கள் என்று ஓடுகிறார் மற்றொருவர். ரத்தத்தைத் துடைக்க ஊக்கில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு வருகிறார், பையனின் அக்காள்.

எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால், இதில் ஒன்றுகூட அந்தக் காதுக்குள் போகக்கூடாது.

சவ்வு நல்லபடியாக இருக்கிறவரை, காதில் விட்ட எண்ணெய் வெளிக்காதிலேயே நின்றுவிடும். கிழிந்துவிட்டால் எண்ணெயும் சாறும் நேரே நடுக்காதுக்குப் போய்விடும். கூடவே கிருமியும் போகும். நாலு நாளில் சீழ் வரும். சொட்டு மருந்திலும் சில வகை, ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் நரம்பையே கெடுத்துவிடக் கூடியவை. ஆகவே, காதைப் பார்க்காமல் மருந்து வாங்கி விடுவது கூடவே கூடாது.

தானே மூடியிருக்க வேண்டிய ஓட்டை, சீழ் பிடித்து நிலைத்துவிடும். வாப்பாவின் கை செய்தது பாதி. அடுப்பில் காய்ச்சிய எண்ணெய் செய்வது மீதி.

அதிராம்பட்டினம் படிப்பு இல்லாத ஊர் அல்ல. காதிர் முகைதீன் கல்லூரி 1955-ல் தொடங்கியது. பட்டதாரி இல்லாத தெருவே அங்கே இருக்காது. வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் ஏராளம். ஆனால், காது வலி என்றதும் எண்ணெய்க் கரண்டியைத் தேடுகிற பழக்கம் படித்த வீடு, படிக்காத வீடு என்று பார்ப்பதில்லை. தஞ்சாவூரிலும் அப்படித்தான். சென்னையிலும் அப்படித்தான்.

சட்டைப் பித்தான் அளவு

காதுச் சவ்வை செவிப்பறை என்றும் சொல்வார்கள். நல்ல பெயர். பறையின் தோல் மாதிரிதான் அது வேலை செய்கிறது.

அதன் குறுக்களவு 8 முதல் 10 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பித்தான் அளவு. கனம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. காகிதத்தின் கனம்தான். அதற்குள் மூன்று அடுக்கு இருக்கிறது! வெளியே தோல். நடுவில் நார். உள்ளே ஈரமான மெல்லிய படலம்.

சத்தம் வந்து மோதும்போது சவ்வு அதிர்கிறது. சவ்வை ஒட்டி மூன்று குட்டி எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. சுத்தி மாதிரி ஒன்று. பட்டடை மாதிரி ஒன்று. குதிரைச் சேணத்தில் காலை வைக்கும் அங்கவடி மாதிரி ஒன்று. மனித உடம்பில் உள்ள எலும்புகளிலேயே சின்னது இந்த அங்கவடிதான். இந்த மூன்றும் அதிர்ச்சியைக் கைமாற்றி உள்காதுக்குக் கொண்டு போகின்றன.

அங்கவடி உட்கார்ந்திருக்கும் இடத்தைப்போல் சவ்வு சுமார் 17 மடங்கு பெரியது. பெரிய பரப்பில் விழுந்த சத்தம் சின்னப் பரப்பில் போய்க் குவிகிறது. அதனால்தான் மெதுவாகப் பேசினாலும் கேட்கிறது. சவ்வில் ஓட்டை விழுந்தால் இந்த லாபம் குறைகிறது. சின்ன ஓட்டை என்றால் கொஞ்சம் மந்தம். பெரிய ஓட்டை என்றால் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பையனுக்கு வாத்தியார் பேச்சுத் தெளிவாகக் கேட்காது. "கவனிக்கவே மாட்டேன் என்கிறான்" என்று அதற்கும் ஒரு அடி விழலாம்.

சவ்வைக் கிழிப்பது அறை மட்டும் அல்ல. காதில் ஊக்கை விட்டுக் குடையும்போது யாராவது தோளில் இடித்தால் போதும். பந்து வேகமாக வந்து காதில் பட்டாலும் கிழியும். பட்டாசும் கிழிக்கும். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடி கூடாது என்று 1999-லேயே விதி செய்திருக்கிறார்கள். காதுக்குப் பக்கத்தில் வெடித்தால் அந்த விதி என்ன செய்யும்? குழந்தையின் காதில் அழுத்தி முத்தம் கொடுத்ததில்கூட சவ்வு போனது உண்டு என்று டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். முத்தத்தைக் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடலிலே ஆபத்து

கடற்கரை ஊர்களில் இன்னும் ஒரு சங்கதி உண்டு.

படகில் இருந்து பக்கவாட்டில் தண்ணீரில் விழுந்தால், தண்ணீரும் கை மாதிரிதான் காதில் அறையும். மூழ்குகிறவர்களுக்கு வேறு தொல்லை. 10 மீட்டர் ஆழம் போனால் உடம்பின்மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்துகொள்ளாமல் இறங்கினால் சவ்வு தாங்காது. தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்களுக்கும் சங்கு எடுத்தவர்களுக்கும் இந்த வலி நன்றாகத் தெரியும்.

கிழிந்த காதோடு தண்ணீருக்குள் போவது பெரிய அபாயம். குளிர்ந்த தண்ணீர் ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் போகும். உடம்பை நேராக நிறுத்தும் கருவி உள்காதில்தான் இருக்கிறது. அதில் குளிர் பட்டதும் தலை சுற்றும். எது மேலே, எது கீழே என்று தெரியாது. நீந்தத் தெரிந்தவனும் தடுமாறிப் போவான். "நல்லா நீந்துவானே, எப்படிப் போனான்?" என்று கரையில் நிற்பவர்கள் கேட்பார்கள்.

தானே மூடும்

இனி நல்ல செய்தி.

அடிபட்டுக் கிழிந்த சவ்வு, பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு மூடிவிடுகிறது. சின்ன ஓட்டை சில வாரத்தில் மூடும். கொஞ்சம் பெரியது மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு வைத்தியம் என்ன? காதை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதுதான் வைத்தியம். கேட்பதற்கு வைத்தியம் மாதிரியே தோன்றாது. "டாக்டரிடம் போனேன், ஒன்றும் தரவில்லை" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. ஒன்றும் தராமல், "மூன்று மாதம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்" என்று சொல்லி அனுப்பிய டாக்டர்தான் சரியான டாக்டர்.

குளிக்கும்போது பஞ்சில் வாசலைன் தடவிக் காதின் வாயில் அடைத்துக்கொள்ளலாம். குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். குளம், வாய்க்கால், கடல் மூன்றும் ஆகாது. காவிரியில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறையும் காலத்தில் டெல்டாப் பிள்ளைகளை நிறுத்தி வைப்பது சுலபம் அல்ல. ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயை மூடி அடக்கக்கூடாது. வாயைத் திறந்து தும்ம வேண்டும். காதில் எதையும் விட்டுக் குடையக்கூடாது.

அதற்காக, வீட்டிலேயே இருந்துகொண்டு மூன்று மாதத்தை எண்ணுவது தப்பு. முதலில் காது டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஓட்டை எவ்வளவு பெரிது, எந்த இடத்தில், கிழிந்த ஓரம் உள்பக்கம் மடிந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். ஓரம் உள்ளே மடிந்திருந்தால் வெளித்தோல் நடுக்காதுக்குள் வளர ஆரம்பித்துவிடும். வெடி விபத்தில் இது நடப்பது உண்டு. அது பக்கத்து எலும்பை அரித்துவிடும். சும்மா விடக்கூடாது.

இசைக்கவையைத் தட்டிக் காதோரம் வைத்துப் பார்ப்பார். பிறகு கேட்கும் சக்தியை அளக்கும் சோதனை. ஓட்டை சின்னதாக இருந்தும் காது மிகவும் மந்தமாக இருந்தால், உள்ளே எலும்பு வரிசை கழன்றிருக்கலாம். அது வேறு ரிப்பேர்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்கக்கூடாது. அடிபட்டதும் தலை சுற்றி வாந்தி வருகிறதா? வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? காதில் இருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா? ஒரு காது அடியோடு கேட்கவில்லையா? உடனே ஆஸ்பத்திரி! தலையில் அடிபட்டு மண்டை ஓட்டின் அடிப்பக்கம் விரிசல் கண்டிருந்தாலும் இப்படி நீர் வரும்.

பட்டுக்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மேல் வேண்டும் என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காது கேளாமையைத் தடுப்பதற்கென்றே மத்திய அரசு 2007-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. வசதி இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியது இல்லை.

தந்தக் குழாய்!

மூன்று மாதம் ஆகியும் மூடவில்லை என்றால்?

பழைய காலமாக இருந்தால், "உன் தலைவிதி" என்று விட்டிருப்பார்கள். அறுந்த காது மடலைக் கன்னத்துத் தோல் கொண்டு ஒட்டும் முறையை, சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய இந்திய வைத்திய நூல் சொல்கிறது. மடல் வெளியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும். சவ்வு உள்ளே இருட்டில் இருக்கிறது. அதை யார் தைப்பது?

ஐரோப்பாவில் 1640-ல் மார்க்கஸ் பான்சர் என்ற வைத்தியர் ஒரு வழி சொன்னார். தந்தத்தில் சின்னக் குழாய். அதன் முனையில் பன்றியின் மூத்திரப்பைத் தோல். அதைக் காதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது. பொய்க்கால் மாதிரி இது பொய்ச் சவ்வு!

1853-ல் லண்டனில் ஜோசப் டாயின்பி என்ற காது வைத்தியர் ரப்பர் வில்லை ஒன்றில் வெள்ளிக் கம்பியைப் பொருத்தினார். கம்பியைப் பிடித்துக் காதுக்குள் தள்ளிக்கொள்ளலாம். வேண்டும்போது எடுக்கலாம். கேட்கும் சக்தி கூடியது என்று பலர் அதை வாங்கினார்கள்.

டாயின்பியின் முடிவு பரிதாபமானது. காது இரைச்சலுக்கு மருந்து கண்டுபிடிக்க ஆசைப்பட்டார். குளோரபாரத்தையும் கொடிய விஷமான ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் தானே மோந்து சோதனை செய்தார். 1866-ல் அந்தச் சோதனையிலேயே இறந்துபோனார். வண்டு கத்துவதை நிறுத்த ஒரு பெரிய வைத்தியர் உயிரையே கொடுத்திருக்கிறார்.

உண்மையான ஒட்டு வேலை 1950-க்குப் பிறகுதான் நிலைத்தது. ஜெர்மனியில் உல்ஸ்டைன் என்பவரும், சோல்னர் என்பவரும் 1952, 53-ம் ஆண்டுகளில் அந்த முறையை வகுத்தார்கள். அதே சமயத்தில், 1953-ல், சைஸ் கம்பெனி ஆபரேஷனுக்கென்றே ஒரு பூதக்கண்ணாடிக் கருவியை வெளியிட்டது. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் வேலை செய்யலாம். பித்தான் அளவு சவ்வு தாம்பாளம் மாதிரி தெரிந்தது!

முதலில் தோலை எடுத்து ஒட்டினார்கள். தோல் ஈரத்தில் ஊறிக் கெட்டது. பிறகு, காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்தில் இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். அது பிடித்துக்கொண்டது. 1960-ஐ ஒட்டி வந்த அந்த முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது.

சைக்கிள் கடை

ஆபரேஷன் என்றதும் பயப்படுகிறவர்கள், ஒரு சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளலாம்.

டியூப் ஓட்டையானால் கடைக்காரர் என்ன செய்கிறார்? ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் சுரண்டுகிறார். சுரண்டாமல் ஒட்டினால் பிடிக்காது. பிறகு பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுகிறார்.

காது டாக்டரும் ஓட்டையின் ஓரத்தைத்தான் முதலில் சுரண்டுகிறார். ஓரம் பச்சைப் புண் ஆனால்தான் புதுச் சவ்வு வளரும். காதின் பின்னால் முடிக்குள் சின்னதாகக் கீறி, தசை உறையில் ஒரு துண்டு எடுக்கிறார். அது காய்ந்தால் காகிதம் மாதிரி ஆகிவிடும். அதை ஓட்டைக்கு உள்பக்கமாக விரித்து வைக்கிறார். டியூபுக்கு வெளியில் ஒட்டுகிறோம்; காதுக்கு உள்ளிருந்து ஒட்டுகிறார்கள். அது விழுந்துவிடாமல், தானாகக் கரையும் பஞ்சை உள்ளே முட்டுக்கொடுக்கிறார்கள்.

மற்றது உடம்பின் வேலை. ஒட்டிய துண்டு ஒரு பந்தல் மாதிரி. அதன்மேல் கொடி படர்வதுபோல் புதுச் சவ்வு படர்கிறது.

ஆபரேஷன் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நடக்கும். பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டும் செய்வார்கள். குழந்தைகளுக்கு முழு மயக்கம். சின்னக் குழந்தை என்றால் சில வருஷம் பொறுத்துச் செய்வதும் உண்டு. இப்போது காதுத் துவாரம் வழியாகவே மெல்லிய எண்டோஸ்கோப் கருவியை விட்டு, பின்னால் கீறாமல் செய்யும் முறையும் வந்திருக்கிறது.

பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு ஒட்டுப் பிடித்துக்கொள்கிறது. ஒருவருக்குப் பிடிக்காமல் போகலாம். மறுபடியும் செய்ய வேண்டிவரும். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத் தோல்வி கூடுதல். நாக்கின் ஒரு பக்கம் சில வாரம் ருசி மாறித் தெரியலாம். ருசி நரம்பு ஒன்று சவ்வை ஒட்டித்தான் ஓடுகிறது. கேட்கும் சக்தி குறைவதும், முக நரம்பில் அடிபடுவதும் மிக அபூர்வம். அபூர்வம் என்றாலும் டாக்டர் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வேண்டும்.

அவசரம் எதற்கு?

இங்கே ஒரு விஷயத்தைப் பச்சையாகச் சொல்லத்தான் வேண்டும்.

அடிபட்டு ஒரு வாரம்கூட ஆகாத காதுக்கு, வேறு கோளாறு எதுவும் இல்லாதபோது, "உடனே ஆபரேஷன், இவ்வளவு பணம்" என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேட்பது நல்லது. தானே மூடுகிற ஓட்டைக்கு நகையை அடகு வைக்க வேண்டியது இல்லை.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. மூன்று மாதம் போய், மூன்று வருஷமும் போயிருக்கும். காதில் அவ்வப்போது சீழ் வரும். பஞ்சை வைத்துக்கொண்டே காலம் தள்ளுவார்கள். பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். "காது ஆபரேஷன் செய்த பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று மறைத்துவிடுவார்கள். தழும்பு காதின் பின்னால் இருக்கும். முடி மறைத்துவிடும். சீழ் நாற்றத்தை எந்தப் பூ வைத்து மறைப்பது?

வயதான ஒருவருக்குச் சின்ன ஓட்டை, சீழ் இல்லை, கேட்பதும் போதும் என்றால், அப்படியே விட்டுவைப்பதில் தவறு இல்லை. தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும், கடலுக்குப் போகிற மீனவருக்கும், ராணுவத்தில் சேர ஆசைப்படும் வாலிபருக்கும் அப்படி விட முடியாது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது காதையும் பார்க்கிறார்கள். ஓட்டை இருந்தால் ஆகாது.

"வழுக்கி விழுந்தேன்"

டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் பொய் ஒன்று உண்டு.

"குளியல் அறையில் வழுக்கி விழுந்துவிட்டேன், டாக்டர்."

சொல்வது ஒரு பெண். இடது காதில் ஓட்டை. கன்னத்தில் விரல் தடம். கூடவே கணவன் நிற்கிறான். அவள் வேறு என்ன சொல்வாள்?

கணவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணை ஒரு தடவை தனியாகக் கேட்க வேண்டும். கேட்டதை ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இது வம்பு பேசுவது ஆகாது. காதுக்கு ஒட்டுப் போட்டு அனுப்பினால், அதே கை மறுபடியும் அதே காதில் விழும். ஒட்டு எப்படி நிற்கும்?

வீட்டுக்குள் நடக்கும் அடிக்குச் சட்டம் வந்தது 2005-ல். அது 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குழந்தைகளுக்கு 1098.

ஒரு காதின் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் போனாலே அது "கொடுங்காயம்". வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டமும் அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படியே சொல்கிறது. வேண்டுமென்றே கொடுங்காயம் உண்டாக்கினால் ஏழு ஆண்டு வரை ஜெயில். ஒரே அறைதான் என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதியைத் திருத்தினார்கள். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவும் அதைத் தடுக்கிறது. "அடியாத மாடு படியாது" என்பார்கள் சிலர். மாட்டைக்கூட யாரும் காதில் அடிப்பது இல்லை.

மார்ச் 3-ந் தேதியை உலகச் செவித்திறன் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு ஹெட்போன் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பேசட்டும். கை பற்றியும் கொஞ்சம் பேசலாம். வீட்டுக்கு வீடு ஹெட்போன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே கை இருந்தது.

திரும்பவும் கடலுக்கு

ஆபரேஷன் முடிந்தவர் சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரித்துக்கொள்வார். அதுவரையும் அதற்குப் பிறகு சில வாரமும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஜாக்கிரதை வேண்டும். உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர், தென்னந்தோப்பில் மரம் ஏறுகிறவர் எல்லோரும் டாக்டர் சொல்கிறவரை பாரமான வேலையை நிறுத்திவைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது ஒட்டு நகர்ந்துவிடலாம்.

வளைகுடா நாடுகளில் இருந்து லீவில் வந்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள், திரும்பிப் போகும் தேதியை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒட்டுப் பிடிப்பதற்குள் விமானம் ஏறக்கூடாது. லீவின் கடைசி வாரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொண்டால் டிக்கெட் வீணாகும். இல்லையென்றால் காது வீணாகும்.

சுமார் மூன்று மாதம் ஆனதும் கேட்கும் சக்தியை மறுபடி அளந்து பார்ப்பார்கள். முதலில் எடுத்த சீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டு சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

மீனவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போ கடலுக்குப் போகலாம்?"

படகில் உட்கார்ந்து போவதற்குச் சில வாரத்தில் அனுமதி கிடைத்துவிடும். அப்போதும் வலையை இழுக்கும் வேலையை மற்றவர்களிடம் விட வேண்டும். தண்ணீரில் குதிப்பதும் முங்குவதும், சவ்வு முழுதாக மூடிவிட்டது என்று டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான்.